‘குட் டைம்ஸ்’ முதலிடத்தில் ஒரே வாரம்: 1979 ஆகஸ்டில் அமெரிக்க சார்ட்டில் நடந்தது என்ன?

ரீல்டேப் எழுதியது:

இரண்டு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 1979ஆம் ஆண்டு முதலிடம் பிடித்த பாடல்களை வரிசை மாறாமல், இரவுக்கு ஒன்றாக ஹெட்ஃபோனில் கேட்கிறேன். தொகுப்பு ஆல்பங்களில் கலைந்து கிடக்கும்போது கண்ணில் படாத ஒன்று, வரிசையாகக் கேட்டால் பளிச்சென்று தெரிகிறது.

ஆண்டின் முதல் பாதி கிட்டத்தட்ட முழுக்க டிஸ்கோதான், கிளப்களில் ஆடுவதற்கென்றே வந்த நடன இசை. ஷீக் குழுவின் ‘லு ஃப்ரீக்’. ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டே டிஸ்கோ பக்கம் வந்து நான்கு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்த பாட்டு. குளோரியா கேனர், பீ ஜீஸ், ஏமி ஸ்டூவர்ட், பிளாண்டி, டோனா சம்மரின் ‘ஹாட் ஸ்டஃப்’, அனிதா வார்டின் ‘ரிங் மை பெல்’. நடுவில் டூபி பிரதர்ஸ் மாதிரி ஒன்றிரண்டு பேர் வந்து போகிறார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 14 முதல் டோனா சம்மரின் ‘பேட் கேர்ள்ஸ்’ ஐந்து வாரம். ஆகஸ்ட் 18 அன்று ஷீக்கின் ‘குட் டைம்ஸ்’, ஒரே ஒரு வாரம். ஆகஸ்ட் 25 அன்று நாக் என்ற புது ராக் குழுவின் ‘மை ஷரோனா’ வந்து ஆறு வாரம் அசையாமல் நிற்கிறது. அதன் பிறகு ராபர்ட் ஜான், ஈகிள்ஸ், காமடோர்ஸ், ஸ்டிக்ஸ். மைக்கேல் ஜாக்சன் ஒரு வாரம். பார்பரா ஸ்ட்ரைசாண்டும் டோனா சம்மரும் சேர்ந்து பாடியது இரண்டு வாரம். முன்பு ஆறாக ஓடிய டிஸ்கோ அங்கங்கே குட்டையாகத் தேங்கிவிட்டது.

‘குட் டைம்ஸ்’ எனக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாட்டு. அதற்கு ஏன் ஒரே வாரம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இதற்கு விடை சிகாகோவில் இருக்கிறது நண்பரே. 1979 ஜூலை 12, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்று ஒரு ரேடியோ அறிவிப்பாளர். அவர் வேலை பார்த்த நிலையம் முழு நேர டிஸ்கோவுக்கு மாறியபோது, 1978 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ராக் நிலையத்தில் சேர்ந்து தினமும் டிஸ்கோவைத் திட்டியே பெரிய கூட்டம் சேர்த்தார். அன்று இரவு ஒயிட் சாக்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் இரட்டை ஆட்டம். ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். முதல் ஆட்டம் முடிந்ததும் ரெக்கார்டுகளை ஒரு பெட்டியில் போட்டு மைதானத்தின் நடுவே வெடி வைத்தார்கள். புல்தரை பிய்ந்து குழி விழுந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். 39 பேர் கைது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, டெட்ராய்ட் வென்றதாக அறிவித்தார்கள்.

அதன் பிறகு டிஸ்கோ என்ற சொல்லே கெட்ட சொல்லாகிவிட்டது. உங்கள் ‘குட் டைம்ஸ்’ அந்த அலையில் அடித்துக்கொண்டு போன பாட்டு.

தேன்மொழி_சி எழுதியது:

வைகைக்கரை சார், சம்பவம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெடி வைத்தது ஜூலை 12. ‘பேட் கேர்ள்ஸ்’ முதலிடத்துக்கு வந்ததே அந்த வாரம்தான், அதன் பிறகு ஐந்து வாரம் நின்றது. ‘குட் டைம்ஸ்’ மேலே ஏறியது சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகு. மைதானத்தில் வைத்த வெடி மக்களின் காதை மாற்றியிருந்தால் ஜூலையிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று, அந்த சார்ட் எப்படித் தயாரானது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று மாதிரி ஒவ்வொரு விற்பனையும் கணினியில் பதிவாகவில்லை. கடைக்காரர்களிடம் என்ன நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள், ரேடியோ நிலையங்களிடம் எதைப் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள், இரண்டையும் சேர்த்துப் புள்ளி போடுவார்கள். 1991 கடைசிவரை ஹாட் 100 இப்படித்தான் வந்தது. ஆகவே ரேடியோ நிலையத்தில் பாட்டு தேர்ந்தெடுக்கும் நாலு பேர் பயந்தால், கேட்பவர் மனம் மாறாமலேயே சார்ட் மாறும்.

அவர்கள் பயந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். 1978 ஜூலையில் நியூயார்க்கில் டபிள்யூகேடியு என்ற நிலையம் ராத்திரியோடு ராத்திரியாக டிஸ்கோவுக்கு மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அசைக்க முடியாத டபிள்யூஏபிசியைத் தாண்டி நகரத்தின் முதல் நிலையமானது. அதைப் பார்த்து நாடு முழுக்க நிலையங்கள் கும்பலாக மாறின. டாலை வெளியே அனுப்பிய நிலையமும் அதில் ஒன்று. கும்பலாக உள்ளே வந்தவர்கள் கும்பலாகத்தான் வெளியே போவார்கள். மைதானம் அவர்களுக்கு ஒரு சாக்கு.

ரீல்டேப் எழுதியது:

தேன்மொழி, சார்ட் தயாரான விதம் எனக்குத் தெரியாது. ரொம்ப நன்றி. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1979இல் அமெரிக்க ரெக்கார்டு வியாபாரமே சுமார் 11 சதவீதம் விழுந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டு ஆண்டு. ரெக்கார்டு செய்யும் பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து வருவதுதானே. அதோடு, விற்காத தட்டுகளைக் கடைகள் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாடு இருந்ததால், கம்பெனிகள் 1978இல் கண்மண் தெரியாமல் அச்சடித்து அனுப்பியவை லாரி லாரியாகத் திரும்பி வந்தன.

அந்த நேரத்தில் நாக் வருகிறது. நாலே பேர். ஆல்பம் மொத்தமும் சுமார் 18,000 டாலரில் முடிந்தது. டிஸ்கோவுக்கோ வயலின் வேண்டும், பித்தளை ஊதுகருவிகள் வேண்டும், பின்னணிப் பாடகிகள் வேண்டும். கணக்குப் பார்க்கிற ஆளுக்கு எது பிடிக்கும்?

பேஸ்விரல் எழுதியது:

இந்த இழையை நேற்று ராத்திரி பார்த்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. இருபது வருடமாக லைட் மியூசிக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ‘குட் டைம்ஸ்’ பற்றி வேறு யாராவது எழுதிவிடுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்.

ஷீக்கின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் அந்த பேஸ் வரியை மெதுவாக எடுத்துப் பாருங்கள். ஒரே சுரத்தில் மூன்று தட்டு. அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் ஒன்றுமே செய்யவில்லை. டோனி தாம்சனின் டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது, மேலே நைல் ராட்ஜர்ஸின் கிட்டார் சில்லுச் சில்லாகச் சிதறுகிறது. பிறகுதான் பேஸ் படியேறுவது போல மேலே நகர்ந்து அடுத்த சுரத்துக்குப் போகிறது. புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் அந்த இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நிரப்பினேன். எங்கள் குழுத் தலைவர் ஒரு ரிகர்சலில் வந்து என் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, “இங்க கையை எடுடா தம்பி, அப்பதான் ஆடுறவன் கால் இறங்கும்” என்றார். கம்பியை அழுத்தியபடி சும்மா இருப்பது வேறு, கையை எடுத்து ஒலியைச் சட்டென நிறுத்துவது வேறு. அந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

பாட்டின் நடுவில் எல்லாக் கருவிகளும் விலகி, பேஸும் டிரம்ஸும் மட்டும் நிற்கும் பகுதி வரும். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து சேரும். நியூயார்க்கில் பார்ட்டிகளில் டிஜேக்கள் இரண்டு தட்டுகளை வைத்து அந்தப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், அதன்மேல் பேசிப் பாடுவார்கள். 1979 செப்டம்பரில் ஷுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்தது அப்படித்தான். அந்த பேஸ் வரியைக் குழுவை வைத்துத் திரும்ப வாசித்து, அதன்மேல் பதினாலரை நிமிடம் ராப். நைல் ராட்ஜர்ஸ் அதை ஒரு கிளப்பில் கேட்டுக் கோபப்பட்டார். பிறகு அவர் பெயரும் எட்வர்ட்ஸ் பெயரும் அந்தப் பாட்டின் ஆசிரியர்களாகச் சேர்ந்தன. ஹாட் 100இல் 36ஆம் இடம்வரை போனது. ராப் பாட்டு ஒன்று அமெரிக்க முதல் நாற்பதுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

எட்வர்ட்ஸ் 1996இல் டோக்கியோவில் கச்சேரி முடித்த கையோடு இறந்துபோனார். வயது 43. உடம்பு முடியாமலே மேடை ஏறியிருந்தார். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

புதுக்காது எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன சந்தேகம். பல இடங்களில் ‘12 அங்குல சிங்கிள்’ என்று படிக்கிறேன். முழு ஆல்பம் அடங்கும் சாதாரண எல்பி தட்டும் 12 அங்குலம்தானே? இதில் என்ன விசேஷம்?

தட்டுப்பெட்டி எழுதியது:

புதுக்காது, நல்ல கேள்வி. என்னிடம் ஒரு பழைய 12 அங்குல சிங்கிளும் அதே பாட்டு இருக்கும் எல்பியும் இருக்கின்றன. இரண்டையும் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். எல்பியின் மேற்பரப்பு பட்டுத் துணி மாதிரி வழவழவென்று மின்னும், கோடுகள் அவ்வளவு நெருக்கம். சிங்கிளில் கோடுகள் தனித்தனியாகவே தெரியும். உழுத வயலை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். பேஸ் அதிகமாக வரும் இடத்தில் கோடு வளைந்து நெளிவதையே கண்ணால் பார்க்கலாம்.

காரணம் எளிது. பேஸ் ஒலிக்கு ஊசி பக்கவாட்டில் அகலமாக ஆட வேண்டும். அகலமாக ஆட இடம் வேண்டும். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் திணிக்கிறார்கள், அதனால் சத்தத்தையும் பேஸையும் குறைத்தே வெட்ட முடியும். ஒரே ஒரு பாட்டுக்கு அந்த முழுப் பரப்பையும் கொடுத்துவிட்டால்?

இது திட்டம் போட்டு வந்ததும் இல்லை. டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ்காரர் 1970களின் நடுவில் ஒரு பாட்டைச் சோதனைத் தட்டில் வெட்டப் போனார். 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருந்தது. ஹோசே ரோட்ரிகஸ் என்ற பொறியாளர் 10 அங்குலத் தட்டில் வெட்டித் தரலாம் என்றார். அவ்வளவு பெரிய தட்டில் பாட்டு சின்னக் கீற்றாகக் கிடப்பது மோல்டனுக்குப் பிடிக்கவில்லை. கோடுகளைப் பரப்பச் சொன்னார். பரப்பினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டி வெட்டி, போட்டுக் கேட்டதும் அவருக்கே மலைப்பு. அங்கிருந்து 12 அங்குலத்துக்குப் போனார்கள். கடையில் பொதுமக்கள் வாங்கும்படி முதலில் வந்தது 1976இல், சால்சோல் கம்பெனியின் ‘டென் பர்சென்ட்’. வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டியிருந்தார்.

வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு “ஒரே தாளம், சலிப்பு” என்று டிஸ்கோவைச் சொன்னவர்கள் இந்தத் தட்டைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டதில்லை என்பது என் கட்சி.

தேன்மொழி_சி எழுதியது:

என்னை இந்த இசைக்குள் இழுத்தது ‘ஐ வில் சர்வைவ்’. அதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

குளோரியா கேனர் நியூஜெர்சியின் நெவார்க்கில் பிறந்தவர். 1978இல் மேடையில் விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை ஆனது. கம்பெனி அவரைக் கிட்டத்தட்டக் கைவிட்ட நிலை. ஒரு சிங்கிளுக்காக ‘சப்ஸ்டிடியூட்’ என்ற பாட்டைப் பாடச் சொன்னார்கள், பின்பக்கத்துக்கு ஏதாவது போடலாம் என்றார்கள். அந்த ‘ஏதாவது’தான் இது. எழுதியவர்கள் ஃப்ரெடி பெரன், டினோ ஃபெகாரிஸ். ஃபெகாரிஸே முன்பு மோட்டவுன் கம்பெனியில் வேலையை இழந்தவர். கேனர் முதுகுப்பட்டை கட்டிக்கொண்டு நின்று பாடினார். அந்தக் காலத்து டிஸ்கோவில் பின்னணிக் குரல்கள் சூழ்ந்துகொள்ளும். இதில் ஒன்றுமில்லை. தொடக்கத்தில் பியானோ மேலிருந்து கீழே உருண்டு வருகிறது, பிறகு தாளமே இல்லாமல் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். டிரம்ஸ் வந்து சேரும்போதுதான் அவளுக்குத் தரை கிடைக்கிறது.

நியூயார்க்கின் டிஸ்கோ கிளப்பான ஸ்டூடியோ 54இன் டிஜே ரிச்சி காக்ஸர் தட்டைத் திருப்பிப் போட்டார். ஆடுபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி கடைசியில் முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கி மறுபடி வெளியிட்டது. மார்ச், ஏப்ரலில் மொத்தம் மூன்று வாரம் முதலிடம். 1980இல் சிறந்த டிஸ்கோ பாடலுக்கான கிராமி கிடைத்தது. அந்த விருது கொடுக்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த ஆண்டு பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது காமிஸ்கி பார்க்குக்கு வருகிறேன். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன் இருந்தான். மக்கள் கொண்டுவந்து போட்ட தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததை அவர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த இசையை வளர்த்தவர்கள் கறுப்பினப் பெண் பாடகர்கள், லத்தீன் இன இளைஞர்கள், ஒருபாலீர்ப்புக் கிளப்களில் ஆடியவர்கள். அவர்களுக்கு அந்தப் புகை எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வைகைக்கரை எழுதியது:

தேன்மொழி, தேதி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். அது இன வெறுப்பு இல்லை என்று டால் தொடர்ந்து மறுத்துவந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். ஆனால் ராக் கேட்டு வளர்ந்த ஒரு பையனின் இடத்திலிருந்தும் பாருங்கள். அவனுடைய நிலையம் போனது, அவனுடைய ராட் ஸ்டூவர்ட் போனார். எங்கு திருப்பினாலும் அதே தாளம். அந்த எரிச்சல் பொய்யில்லை. ‘மை ஷரோனா’ கேட்டபோது அவனுக்கு வீடு திரும்பியது போல இருந்திருக்கும்.

ரீல்டேப் எழுதியது:

எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்தப் பையன் நினைத்த வேலி ஸ்டூடியோவுக்குள் இருந்ததா? நேற்று ஆல்பம் அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் நின்றுவிட்டேன். மைக் சாப்மன். ‘மை ஷரோனா’வின் தயாரிப்பாளர். நாலு மாதம் முன்பு ஏப்ரல் கடைசியில் முதலிடத்தில் இருந்த பிளாண்டியின் டிஸ்கோ பாட்டு ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ இருக்கிறதே, அதன் தயாரிப்பாளரும் அவரேதான்! பிளாண்டி நியூயார்க்கின் பங்க் கிளப்பிலிருந்து வந்த குழு. அந்தப் பாட்டில் ரோலண்ட் தாளப்பெட்டியை ஓடவிட்டு, அதோடு டிரம்ஸை இழைத்திருக்கிறார்கள்.

‘ஹாட் ஸ்டஃப்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியோ மொரோடர், பீட் பெலோட் தயாரிப்பு. நடுவில் சீறுகிற கிட்டார் தனிவாசிப்பு ஜெஃப் பேக்ஸ்டர். டூபி பிரதர்ஸில் இருந்தவர். டிஸ்கோ ராணியின் பாட்டில் ராக் கிட்டார், ராக் தயாரிப்பாளர் கையில் டிஸ்கோ. கேட்டவர்கள்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், வாசித்தவர்கள் பிரியவில்லை.

தட்டுப்பெட்டி எழுதியது:

இடையில் ஒரு சேதி. அதே 1979இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி சீசன் முழுக்கத் தங்கள் பாட்டாக வைத்துக்கொண்டது சிஸ்டர் ஸ்லெட்ஜின் ‘வி ஆர் ஃபேமிலி’. எழுதித் தயாரித்தவர்கள் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும். ஒரு மைதானத்தில் டிஸ்கோவை வெடி வைத்த அதே ஆண்டில், டிஸ்கோ பாடிக்கொண்டே ஒரு அணி அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் கோப்பையை வென்றது.

புதுக்காது எழுதியது:

அருமை! அப்போ 1980க்குப் பிறகு ஷீக் என்ன ஆனார்கள்?

பேஸ்விரல் எழுதியது:

ஷீக் என்ற பெயரில் அதன் பிறகு முதல் நாற்பதுக்குள் ஒரு பாட்டும் வரவில்லை. பெயர்தான் வரவில்லை. ரீல்டேப் அண்ணா, உங்கள் ‘ஒரே வாரம்’ கேள்விக்கு என் விடை 1980 பட்டியலில் இருக்கிறது.

செப்டம்பர் 6 முதல் நான்கு வாரம் டயானா ராஸின் ‘அப்சைட் டவுன்’ முதலிடம். எழுதித் தயாரித்தவர்கள் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ். வாசித்தது ஷீக். மோட்டவுன் கம்பெனி அவர்களைக் கேட்காமலே ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்தது. அப்படியும் அந்த பேஸை மறைக்க முடியவில்லை. அக்டோபர் 4 அன்று அதை இறக்கிவிட்டு வந்தது குயீனின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’, மூன்று வாரம். எழுதியவர் குயீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன். ஷீக் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவர். கேட்டுப் பாருங்கள்: ஒரே சுரத்தில் மூன்று தட்டு, அப்புறம் இடைவெளி. ராக் நிலையங்களும் போட்டன, டிஸ்கோ கேட்டவர்களும் ஆடினார்கள்.

ஆக மொத்தம் ஏழு வாரம் தொடர்ச்சியாக எட்வர்ட்ஸின் விரல், ஒன்று நேராக, ஒன்று இன்னொருவர் கை வழியாக. அதையும் கீழே இறக்கியது பார்பரா ஸ்ட்ரைசாண்டின் ‘வுமன் இன் லவ்’. எழுதியவர்கள் பேரி கிப், ராபின் கிப். பீ ஜீஸ்!

தேன்மொழி_சி எழுதியது:

அந்த ஏழு வாரத்தை நான் கவனித்ததே இல்லை. இன்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கப் போகிறேன்.

சிகாகோ கதையில் ஒரு மீதியும் உண்டு. காமிஸ்கி பார்க் இருந்த அதே ஊரில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977 முதலே டிஜேயாக இருந்தார். கம்பெனிகள் டிஸ்கோ அச்சடிப்பதை நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. பழைய தட்டுகளை வெட்டி ஒட்டி, தாளப்பெட்டி சேர்த்து ஓட்டினார். ஹவுஸ் என்ற நடன இசைக்குப் பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்தது. 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட ‘ஆன் அண்ட் ஆன்’ முதல் ஹவுஸ் தட்டு என்பார்கள். அதைச் சேர்ந்து எழுதியவர் வின்ஸ் லாரன்ஸ். மைதானத்தில் இருக்கை காட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன்.

வைகைக்கரை எழுதியது:

இது எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ரீல்டேப் எழுதியது:

பேஸ்விரல் தம்பி, ‘அப்சைட் டவுன்’ தொடக்கத்திலும் அந்தக் கையெடுப்பு இருக்கிறதா? என் காதுக்கு இருப்பது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பேஸ்விரல் எழுதியது:

இருக்கிறது அண்ணா. ஆனால் இதில் இன்னும் குறுகலாக எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலில் இரண்டையும் பாதி வேகத்தில் வாசித்துப் பதிவு செய்து இங்கே போடுகிறேன். ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது.